இருபத்தாறு அங்குலமும் ஓர் இளம்பச்சைச் சுடிதாரும்

என் முதல் பெல்பாட்டத்தின் அடிச்சுற்று இருபத்தாறு அங்குலம். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அளவு ஓர் அரசுத் தாளில் பதிவாகியிருந்தது. அதிகாரி கையெழுத்துப் போடாத வெறும் வரைவுதான் அது. அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் வருகிறேன். எதையும் வரிசைப்படி சொல்லாவிட்டால் எனக்கு உடம்பு கேட்காது. வாழ்நாள் முழுக்கக் கோப்பு கட்டியவனுக்கு வேறு என்ன வியாதி வரும்?

எழுபதுகளின் நடுவில் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். எந்தத் துறை என்று சொல்வதாக இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது போதும். முதல் சம்பளத்தில் டெரிகாட்டன் துணி எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனேன். கழுத்தில் அளவு நாடாவும், பல்லிடுக்கில் குண்டூசியுமாக அவர் கேட்டார்.

"எத்தன இஞ்சு வைக்க?"

"இருபத்திரண்டு."

"அது போன வருசத்து அளவுல்லா தம்பி. காலேஜ் பயலுவ முப்பதுக்குப் போயிட்டானுவ. கவருமெண்டு உத்தியோகம்ங்கிய, ஒரு இருபத்தாறாவது வைக்காண்டாமா?"

வைத்தேன். அடிமடிப்பு தெருவில் உரசி நைந்து போகாமல் இருக்க உள்ளோரத்தில் பித்தளை ஜிப் வைத்துத் தைத்துத் தந்தார். சட்டையின் காலர் நாய்க்காது மாதிரி தோள் வரை தொங்கியது. இடுப்புக்கு நாலு விரல் அகலப் பெல்ட். காதை மூடிய தலைமுடி. பெரிய கோபுரத்து வாசலில் எந்நேரமும் ஒரு காற்று வீசும். உள்ளே போகிறவனை ஒரு பக்கமாகத் தள்ளும், திரும்பி வருகிறவனை இன்னொரு பக்கமாகத் தள்ளும். அந்தக் காற்றில் என் இரண்டு காலும் பாய்மரம் கட்டியதுபோலப் படபடவென்று அடித்துக்கொண்டன. பூக்கட்டுகிற பெண்கள் சிரித்தார்கள். என் அழகைப் பார்த்து வந்த சிரிப்பு என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

அலுவலகத்தில் அப்போது தலைமை எழுத்தர் என்று ஒருவர் இருந்தார். எட்டு முழ வேட்டி, காடாத் துணியில் முழுக்கைச் சட்டை, அந்தச் சட்டையின் பையில் மூக்குப்பொடி மட்டை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"ஏலே, ரெண்டு காலுக்கும் ரெண்டு பாவாட கட்டிட்டு வந்திருக்கியே. எத்தன இஞ்சு?"

"இருபத்தாறு சார்," என்றேன். பரீட்சை மார்க் சொல்கிற பெருமையோடு.

"சரி, ஃபேனுக்குக் கீழ உக்காராத. பறந்துருவ."

அவர் அதோடு விட்டார். அதிகாரி விடவில்லை. வெள்ளைக் கால்சட்டைக்குள் வெள்ளைச் சட்டையைச் செருகி, ஷூவின் லேஸை இரட்டை முடிச்சுப் போடுகிறவர். தலைமை எழுத்தரைக் கூப்பிட்டு, எனக்குக் குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்கச் சொன்னது வெளியே எங்கள் காதிலேயே விழுந்தது. தற்காலிகத்தில் இருக்கிறவனுக்குக் குறிப்பாணை என்றால் அடுத்த பணி நீட்டிப்பு கிடைக்காது. ஒரு வாரம் வேட்டியில் போனேன். குறிப்பாணை வரவில்லை. இரண்டு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது, வரவில்லை. மெதுவாகப் பெல்பாட்டத்துக்குத் திரும்பினேன். தீபாவளிக்கு முன்பு அதிகாரி மாறுதலில் போய்விட்டார். அவர் மறந்திருப்பார், அல்லது என் திறமையைப் பார்த்து மனம் மாறியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாவதைத்தான் அதிகம் நினைத்தேன்.

அந்த நாளில் பெண்கள் உடுத்தியதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரப்போவது விளங்காது. எங்கள் ஊருக்கு ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் உண்டு. மழையாகவும் பெய்யாது, விடவும் விடாது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது ஆனந்தம். ஊர்க்காரர்களுக்கு அது துணி காயாத மூன்று மாதம். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஈரச் சேலைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்போம். கைத்தறிச் சேலை நாலு நாளானாலும் காயாமல் ஒரு புளித்த வாடை அடிக்கும். அதனால்தான் நைலெக்ஸ் என்ற செயற்கை இழைச் சேலை வந்தபோது எங்கள் பெண்கள் அதை அப்படிப் பிடித்துக்கொண்டார்கள். துவைத்து நாலு உதறு உதறினால் பாதி காய்ந்துவிடும். பெரிய பெரிய பூப்போட்ட நைலெக்ஸ், அதற்குப் பொருந்தாத நிறத்தில் ரவிக்கை, கையில் குடை. ஒரே குறை, ஈரக் காற்றில் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கோபுர வாசலைக் கடக்கிற பெண்கள் ஒரு கையால் குடையையும் மறு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டு படுகிற பாட்டை நாங்கள் ஜன்னல் வழியே பார்ப்போம். அதைப் பார்த்ததற்கு யாரும் எங்களிடம் விளக்கம் கேட்டதில்லை.

சுடிதார் எங்களுக்கு அருவியில்தான் அறிமுகமானது. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் சீசனுக்கு வந்த பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு ஐந்தருவியிலும் பேரருவியிலும் குளித்தார்கள். எங்கள் பெண்கள் சேலையோடு குளித்தார்கள், அவர்கள் சுடிதாரோடு குளித்தார்கள். எங்கள் ஊரில் அதுவரை யாரும் சுடிதாரைக் காய்ந்த நிலையில் பார்த்ததில்லை. ஆகவே அது குளிப்பதற்கான உடை, நம்மூரில் குளிக்கக் கட்டுகிற காசித்துண்டு மாதிரி வெளியூர்ப் பெண்களுக்கு அது, என்று ஊர் முழுக்க ஒரு முடிவு ஆகியிருந்தது. படித்தவன் நான். ஊரார் சொன்னதை எந்தக் கேள்வியும் கேட்காமல் நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் தலைமை எழுத்தர் பொறுப்பு வந்தது. பெல்பாட்டம் எப்போதோ பாத்திரக்காரியிடம் போய், ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியாகத் திரும்பி வந்திருந்தது. பொறுப்பேற்ற அன்று மேசையின் கடைசி இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். அடியில் விரித்திருந்த பழைய தாளுக்குக் கீழே ஒரு வரைவு இருந்தது. ஓய்வுபெற்றுப் போன அந்தப் பழைய தலைமை எழுத்தரின் கையெழுத்து. "இருபத்தாறு அங்குல அடிச்சுற்றுடைய கால்சட்டை அணிந்து, அலுவலகக் கண்ணியத்துக்கு ஒவ்வாத வகையில் பணிக்கு வந்தமை குறித்து, தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க" என்று என் பெயருக்கு எழுதியிருந்தார். ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரி. முதல் வரி, "மூன்று மாதம் கழித்து முன்வைக்கவும்." அதன் கீழே வேறொரு நாளில், "அதிகாரி மாறுதல். முடிக்கப்பட்டது."

மனிதர் எனக்காகச் சண்டை போடவில்லை, பரிந்தும் பேசவில்லை. சொன்ன வேலையைச் செய்து, செய்ததன் மேல் தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். நான் சிரித்தேன். நன்றி தோன்றியதா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. சிரித்தது நினைவிருக்கிறது. தாளைப் பத்திரமாக அதே இழுப்பறையில் வைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரே தட்டச்சர். மேலகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். இருபத்து நாலு வயது இருக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு முதுநிலைத் தேர்வு முடித்தவர். தற்காலிகம்தான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு வாங்க வேண்டும். வீட்டில் அம்மா மட்டும். அக்கா கல்யாணமாகிப் பம்பாயில் இருந்தார். தொடர்ந்து பணியில் இருக்கும் தற்காலிகத் தட்டச்சர்களை நிரந்தரமாக்கும் ஆணை வரப்போகிறது என்ற பேச்சு அந்த வருடம் முழுக்க இருந்தது. அது சம்பந்தமான கடிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன. இடையில் ஒரு நாள் முறிவு விழுந்தால்கூடப் பட்டியலில் பெயர் வராது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அவரிடம் அலுவலகத்துக்கு என்று இரண்டு நைலெக்ஸ், ஒரு கைத்தறி. மூன்றையும் நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக அறிவோம். அந்த ஆடியில் ஐந்து நாள் விடாமல், நைலெக்ஸ்கூடக் காயாத சாரல். ஆறாம் நாள் அவர் இளம்பச்சைச் சுடிதாரில் வந்தார். கழுத்து வரை பித்தான், மணிக்கட்டு வரை கை, துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார். முகமும் கையும் பாதமும் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

எங்கள் அலுவலக உதவியாளர், தேநீர் டம்ளர்களோடு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அருவில தண்ணி நல்லா விழுதாம் சார். அந்தப் பிள்ள குளிச்சிட்டு நேர இங்கன வந்துட்டு போல."

பக்கத்து மேசைக்காரர் அதற்கு மேல் போனார். "எண்ண தேய்ச்சு விட ஆளு வேணுமான்னு கேளும்வே."

நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சிரித்தேன். தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்டது.

பதினோரு மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். இவர் சபாரி உடைக்காரர். சாம்பல் நிறத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று, நாலு பையிலும் நாலு பேனா. "என்னவே இது, குற்றாலத்துக்கு வந்த கோலத்துல ஆபீசுக்கு வருதா? நீரு பாத்துட்டு சும்மா இருக்கீரே?" என்றார். அவ்வளவுதான். குறிப்பாணை கொடு என்று அவர் சொல்லவில்லை. அது என் யோசனை. "விளக்கம் கேட்டுருவோம் சார்," என்றேன். சொல்லும்போது என் குரலில் இருந்த சுறுசுறுப்பு இன்றும் காதில் கேட்கிறது.

முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டதாகக் கோப்பில் இருக்க வேண்டும் அல்லவா.

"என்னம்மா இது?"

"மூணு சேலையும் காயல சார். அஞ்சு நாளா ஈரத்தையே உடுத்திட்டு வந்ததுல எங்க அம்மைக்குப் பயம், காய்ச்ச வந்துரும்னு. இது அக்கா அனுப்புனது. காஞ்ச துணி வீட்டுல இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"ஆபீசுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்லா."

"சேலைய விட இதுல உடம்பு மூடித்தான சார் இருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். பதில் இல்லாத இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். போகச் சொல்லிவிட்டு வரைவு எழுத உட்கார்ந்தேன்.

எந்த வரைவுக்கும் முன்மாதிரி தேடுவது எழுத்தரின் முதல் குணம். நான் கடைசி இழுப்பறையைத் திறந்தேன். தாள் விரிப்புக்குக் கீழிருந்து அந்தப் பழைய வரைவை எடுத்தேன். "இருபத்தாறு அங்குல அடிச்சுற்றுடைய கால்சட்டை" என்பதை விட்டுவிட்டு, "நீராடுவதற்குரிய உடை" என்று போட்டேன். மற்றபடி ஒரு சொல் மாற்றவில்லை. அலுவலகக் கண்ணியத்துக்கு ஒவ்வாத வகையில். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது. மூன்று நாட்களுக்குள். பழைய தாளை மடித்து மறுபடி உள்ளே வைத்தபோது ஓரத்துப் பென்சில் வரிகள் கண்ணில் படத்தான் செய்தன.

தட்டச்சு செய்ய அலுவலகத்தில் வேறு ஆள் கிடையாது. பெறுநர் என்ற இடத்தைக் காலியாக விட்டு அந்தப் பெண்ணிடமே கொடுத்து அனுப்பினேன். கார்பன் வைத்து மூன்று படி. கால்மணி நேரத்தில் அவரே கொண்டுவந்தார்.

"பேரு எழுதலியே சார். யாருக்கு?"

படித்துத்தானே அடித்திருப்பார். தெரியாமல் கேட்கவில்லை.

"ஒங்களுக்குத்தான்," என்றேன், வேறொரு கோப்பைப் புரட்டிக்கொண்டே.

திரும்பிப் போய், இயந்திரத்தில் மறுபடி செருகி, தன் பெயரைத் தானே அடித்தார். கார்பன் படிகளிலும் வரி பிசகாமல் விழுந்திருந்தது. அதிகாரியின் கையெழுத்து ஆனதும், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தானும் கையெழுத்துப் போட்டு அலுவலகப் படியை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் ஈர நைலெக்ஸில் வந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. இருமிக்கொண்டே வேலை பார்த்தார். மூன்றாம் நாள் விளக்கம் வந்தது. நாலே வரி. அலுவலகத்தின் கண்ணியத்தைத் தான் மதிப்பதாகவும், பெண் பணியாளர் இன்ன உடைதான் அணிய வேண்டும் என்று எந்த விதியில், எந்த ஆணையில் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிவித்தால் அதன்படி நடக்கச் சித்தமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். சாரலைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

நான் இரண்டு நாள் விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். எனக்குத் தெரியாத விதி கிடையாது என்று பெயர் எடுத்தவன். அப்படி ஒரு விதி இல்லை. இருந்திருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். என் கீழே வேலை பார்த்த யாரும் அவ்வளவு சுத்தமாக ஒரு விளக்கம் எழுதியதில்லை. இன்னொருவருக்கு எழுதியிருந்தால் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன்.

அந்த விளக்கத்துக்குப் பிறகு அவர் மீது நடவடிக்கை எடுக்க இடமில்லை. "ஏற்கப்பட்டது" என்று எழுதி முடிக்கலாம், அல்லது மேலே தாள் விரித்து உட்காரலாம். அதிகாரியே மறந்துவிட்டிருந்தார். நடுவில் ஒரு நாள் நானாகத்தான் நினைவூட்டினேன். அவர், "ஆமா, அது என்னாச்சு?" என்றார். அதன் பிறகு விட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் அவருடைய ஆறு மாதம் முடிந்தது. நீட்டிப்புக்கு முன்மொழிவு நான்தான் எழுத வேண்டும். தண்டனை கொடுக்கக் காரணம் வேண்டும், விசாரணை வேண்டும், விதி எண் வேண்டும். தற்காலிகப் பணியை நீட்டிக்காமல் விட எதுவும் வேண்டாம். நடைமுறை தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும். "பணிச்சுமை குறைந்துள்ளதால் நீட்டிப்பு தேவையில்லை" என்று ஒரே வரி எழுதினேன். பணிச்சுமை குறையவில்லை. அதிகாரி சபாரிப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவி, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதன் ஆணையையும் அந்தப் பெண்தான் தட்டச்சு செய்தார். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"சார், அந்த நிரந்தர ஆணை எப்ப வரும்னு தெரியுமா?"

"அது மேலிடத்து விசயம்மா. நமக்கு என்ன தெரியும்," என்றேன். அடுத்த மாதம் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கான முன்தகவல் அப்போது என் முழங்கைக்கு அடியில் இருந்தது.

கடைசி நாள் கைத்தறிச் சேலையில் வந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தைத் துடைத்து, உறை போட்டு, கார்பன் தாள்களை எண்ணி ஒப்படைத்தார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் மேசைக்கு வந்து, "சாரல் விட்டுட்டு சார். எல்லாம் காஞ்சிட்டு. வாரேன்," என்றார். குத்திச் சொன்னாரா, பேச வேறெதுவும் இல்லாமல் சொன்னாரா என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்தாலும் எனக்கு உபயோகமில்லை.

நாலைந்து வருடத்தில் எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பேர் சுடிதாரில் வந்தார்கள். யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மனைவி இப்போது முழங்கால் வலிக்குச் சுடிதார்தான் வசதி என்று அதிலேயே பழைய குற்றால அருவிக்கும் பாங்குக்கும் போய்வருகிறாள். நான் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அந்தப் பெண் பம்பாய்க்கு அக்காவிடம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. ஒருவருடைய முகவரியைக் கண்டுபிடிக்க எத்தனை வழி உண்டு என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

அந்தப் பெண் போன சமயத்தில் அந்தப் பழைய தலைமை எழுத்தர் உயிரோடுதான் இருந்தார். ஒரு நாள் காய்கறிக் கடையில் பார்த்தேன். "ஆபீசு எப்படிலே போகுது?" என்றார். "நல்லா போகுது சார்," என்றேன். பையைக் கை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

முன்தகவலில் சொன்னபடி, அந்தப் பெண் போன அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்தது. அதோடு ஒரு படிவமும் வந்திருந்தது. தொடர்ந்து பணியில் இருக்கும் தற்காலிகத் தட்டச்சர்களின் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, பணியில் சேர்ந்த நாள் ஆகியவற்றை நிரப்பி அன்றைய தபாலிலேயே அனுப்ப வேண்டும். அந்த வாரம்தான் தையற்காரர் எனக்கு ஒரு சபாரி தைத்துக் கொடுத்திருந்தார். "அதிகாரி தோரணை வந்துட்டு அண்ணாச்சி," என்று அவர் தோள்பட்டையை நீவிவிட்டது பிடித்திருந்தது. அதன் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயர் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். மற்ற கட்டங்களிலும் அதையே எழுதினேன். தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும் என்று படிவத்தின் அடியில் குறிப்பு இருந்தது. அலுவலகத்தில் தட்டச்சர் இல்லாததால் கையால் எழுதப்பட்டது என்று அதன் பக்கத்தில் ஒரு விளக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.